டிஸ்க் போட வாயில்லாத பெட்டி

பிளேஸ்டேஷன் 5 ப்ரோ கேட்கும் விலைக்குத் தகுமா?

2013 ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஈ3 விளையாட்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரம். சோனி நிறுவனம் 22 விநாடி மட்டுமே ஓடும் ஒரு வீடியோவை வெளியிட்டது. வரப்போகும் பிளேஸ்டேஷன் 4இல், ஒருவர் வாங்கிய விளையாட்டை நண்பருக்கு எப்படிக் கொடுப்பது என்று செய்முறை விளக்கம் தரும் வீடியோ அது. அப்போது சோனியின் விளையாட்டு ஸ்டூடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிடா, கையிலிருக்கும் டிஸ்க் உறையைப் பக்கத்தில் நிற்கும் சக சோனிக்காரர் ஆடம் பாய்ஸிடம் நீட்டுகிறார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் செய்முறை.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சில வாரங்களுக்கு முன்புதான் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்திருந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டி இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கு நிபந்தனைகள் உண்டு என்றெல்லாம் சொல்லியிருந்தது. விளையாடுகிறவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்தக் கொதிப்பைப் புரிந்துகொண்டுதான் சோனி அந்த வீடியோவை எடுத்தது. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பேர் கெட்டுவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் விலை 499 டாலர், பிளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர். அந்தத் தலைமுறைப் போட்டியில் சோனி ஜெயித்ததற்கு அந்த நூறு டாலரும் ஒரு காரணம், கையிலிருந்து கைக்குப் போன அந்த டிஸ்க்கும் ஒரு காரணம்.

பதினோரு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 10ஆம் தேதி, அதே சோனியின் வன்பொருள் வடிவமைப்பாளர் மார்க் செர்னி திரையில் தோன்றி பிளேஸ்டேஷன் 5 ப்ரோ என்ற புதிய பெட்டியை அறிமுகப்படுத்தினார். விலை 699.99 டாலர். ஐரோப்பாவில் 799.99 யூரோ. ஜப்பானில் 1,19,980 யென். நவம்பர் 7 முதல் விற்பனை. சோனி அதுவரை விற்ற எந்த பிளேஸ்டேஷனும் அமெரிக்காவில் இந்த விலையில் அறிமுகமானதில்லை. அந்தப் பெட்டியில் டிஸ்க் போட வாய் கிடையாது. டிஸ்க் டிரைவ் வேண்டுமென்றால் தனியாக 79.99 டாலர். நிமிர்த்தி வைக்க ஸ்டாண்ட் வேண்டுமென்றால் அதற்கு 29.99 டாலர். எல்லாம் கூட்டினால் 810 டாலரை நெருங்குகிறது.

விலை அதிகம் என்று உலகமே பேசியது. நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, 699 என்ற எண்ணைவிட அந்த வாய் இல்லாததுதான் பெரிய விஷயம் என்று பட்டது. காசு குறைவாக உள்ளவர்கள் இத்தனை வருடங்களாக வீடியோ கேம் ஆட முடிந்ததே அந்த வாயால்தான்.

கேசட் கைமாறிய தெரு

நான் வளர்ந்த பாளையங்கோட்டைத் தெருவில் தொண்ணூறுகளில் இரண்டு வீடுகளில் டிவி கேம் இருந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ 1983இல் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் அவை. ஆனால் எங்களுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது மஞ்சள் கேசட்டும், அதை ஊதித் துடைத்துச் செருகுவதும், கான்ட்ராவும், மரியோவும்தான். தெரு முழுவதற்குமாக மொத்தம் ஏழெட்டு கேசட் இருந்திருக்கும். ஆனால் எல்லாருமே எல்லாவற்றையும் ஆடினோம். "அண்ணே, நாளைக்குக் காலையில குடுத்திடுறேன்" என்று சொல்லி வாங்கிப்போன கேசட் ஒரு மாதம் கழித்து மூன்றாவது வீட்டிலிருந்து திரும்பி வரும்.

பிறகு வந்த பிளேஸ்டேஷன் காலத்தில் கேசட் போய் டிஸ்க் வந்தது. சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் திருட்டு டிஸ்க் மலிவாகக் கிடைத்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. பிளேஸ்டேஷன் 2 நம் ஊரில் இத்தனை வீடுகளுக்குப் போனதில் அந்த டிஸ்க்குகளுக்குப் பங்கு உண்டு. அது சரியான வழி என்று நான் சொல்ல மாட்டேன். திருட்டு டிஸ்க் ஓடாத பிளேஸ்டேஷன் 3, 4 வந்த பிறகு, நேர்மையான ஒரு வழி தானாக உருவானது. ஒருவன் புது டிஸ்க் வாங்குவான். முடித்ததும் பாதி விலைக்கு அடுத்தவனுக்கு விற்பான். அந்தக் காசில் இன்னொன்று வாங்குவான். ஊருக்கு ஊர் கடைக்காரர்கள் செகண்ட்ஹாண்ட் டிஸ்க்கை வாங்கி விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். கல்லூரி விடுதிகளில் ஒரே டிஸ்க் பத்து அறை சுற்றியது.

இந்தச் சுற்றுதான் இந்த விளையாட்டின் உண்மையான விலையைக் குறைத்தது. பெட்டி வாங்கும்போது ஒருமுறை வலிக்கும். அதன்பின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் நாம் கொடுப்பது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. சோனியின் சொந்தத் தயாரிப்புகளான புது பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகள் பல இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வந்தன. டிஸ்க்காக வாங்கி, ஆடி முடித்து, 3,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால் செலவு 2,000. டிஸ்க் இல்லாத பெட்டியில் அதே விளையாட்டைத் தரவிறக்கினால் செலவு 4,999தான். விற்க முடியாது. தம்பிக்குக் கொடுக்க முடியாது. வருடத்துக்கு ஐந்து விளையாட்டு வாங்குகிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் 15,000 ரூபாய். நான்கு வருடத்தில் அது பெட்டியின் விலையையே தாண்டிவிடும்.

முன்பெல்லாம் பொறுத்தவருக்கு விலை குறைந்தது

டிஸ்க்கைப் போலவே நமக்குத் துணையாக இருந்த இன்னொன்று காலம். கன்சோல் வந்ததும் வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று வருடம் பொறுத்திருந்தால் போதும், விலை இறங்கி வரும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்தது. 2002இல் 199 ஆனது, 2004இல் 149, 2006இல் 129, 2009இல் 99. அப்படி இறங்கி இறங்கித்தான் அது 16 கோடிப் பெட்டிகள் விற்றது. உலகில் அதிகம் விற்ற கன்சோல் இன்றும் அதுதான்.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3தான் விலைக்காக அதிகம் திட்டு வாங்கியது. 60 ஜிபி மாடல் 599 டாலர். கூடுதல் நேரம் வேலை பார்த்தாவது வாங்க வேண்டும் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்ற பொருளில் அதைப் படைத்த கென் குட்டராகி பேசியதும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. ஆனால் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்ட ஐசப்ளை ஆய்வு நிறுவனம், அதைச் செய்வதற்கே சோனிக்குச் சுமார் 840 டாலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. ஆயிரம் டாலர் வரை விற்ற ப்ளூரே பிளேயரும் அதற்குள்ளேயே இருந்தது. 599 கொடுத்தவருக்கு, கொடுத்ததைவிட அதிகமே கிடைத்தது. மூன்றே வருடத்தில், 2009 ஆகஸ்ட்டில், மெலிந்த புது வடிவத்தில் அதன் விலை 299 ஆகப் பாதியாகக் குறைந்தது.

இப்போதைய தலைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2025 ஆகஸ்ட்டில், 549 டாலருக்கு ஏறியது. ப்ரோ 749 ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே 499இல் தொடங்கி 2025 அக்டோபரில் 649ஐத் தொட்டது. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 5இன் விலை 2024 செப்டம்பரில் 79,980 யென்னுக்குப் போனது. சொந்த நாட்டு மக்களே வாங்கத் திணறுவதைப் பார்த்து, 2025 நவம்பரில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல் ஒன்றை 55,000 யென்னுக்கு சோனி கொண்டுவர வேண்டியதாயிற்று. அதிலும் டிஸ்க் டிரைவ் இல்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் தேதி டிஸ்க் மாடல் 49,990 ரூபாய்க்கு அறிமுகமாகி, 2022 நவம்பரில் 54,990 ஆனது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் 5,000 குறைத்தபோதும், அறிமுக விலைக்குத்தான் திரும்பி வந்து நின்றோம்.

ஏன் இறங்கவில்லை? சிப் செய்கிற விதத்தில் இருக்கிறது பதில். சிலிக்கான் தகட்டை ஒரு தட்டு மைசூர்பாகு என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு சிறிதாக ஆக ஒரு தட்டில் அதிகத் துண்டு தேறும், ஒரு துண்டின் அடக்கவிலை குறையும். பிளேஸ்டேஷன் 3இன் செல் சிப் 90 நானோமீட்டரிலிருந்து 65க்கும், பின்னர் 45க்கும் சுருங்கியபோது நடந்தது இதுதான். இப்போது துண்டைச் சிறிதாக்கும் தொழில்நுட்பமே விலை ஏறிவிட்டது. தட்டின் விலையே கூடியதால், துண்டு அதிகமாகத் தேறியும் மிச்சமில்லை. பிளேஸ்டேஷன் 5இன் சிப் 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு மட்டுமே நகர்ந்தது. இதற்கு மேல் யென் மதிப்புச் சரிவு, அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிகள். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் அதன் விலையும் எகிறியது.

இந்தக் காரணங்களை நான் ஏற்கிறேன். சோனி பேராசையால் மட்டும் விலை ஏற்றியது என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆனால் பொறுத்திருப்பவருக்குக் கிடைத்து வந்த பலன் போய்விட்டது என்பதும் உண்மை. காலம் உதவாத நேரத்தில் கையிலிருக்கும் மற்ற உதவியான டிஸ்க்கையும் எடுத்துவிட்டால், சாதாரண வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

அந்தப் பணத்துக்கு என்ன தருகிறது

ப்ரோவின் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிட வேண்டும். பொறியியல் வேலை என்ற அளவில் அது அருமையான பெட்டி.

சாதாரண பிளேஸ்டேஷன் 5இல் பெரிய விளையாட்டுகள் பெரும்பாலும் இரண்டு வழி தரும். ஒன்றில் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் விநாடிக்கு 30 படங்கள்தான் வரும். கேமராவைத் திருப்பினால் சற்றே தட்டுத்தடுமாறும். இன்னொன்றில் 60 படங்கள் வரும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் படத்தின் கூர்மை மங்கும். விளையாடுபவர்கள் நான்கில் மூன்று பங்கு நேரம் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று செர்னியே சொன்னார். கூர்மையும் வேண்டும், வேகமும் வேண்டும் என்பவர்களுக்காக வந்ததுதான் ப்ரோ. அதன் கிராபிக்ஸ் பகுதியில் கணக்கிடும் அலகுகள் 67 விழுக்காடு அதிகம், மெமரி 28 விழுக்காடு வேகம், படம் வரைவது 45 விழுக்காடு வரை விரைவு. உள்ளே 2 டெராபைட் சேமிப்பிடம்.

இதில் என்னைக் கவர்ந்தது பிஎஸ்எஸ்ஆர் என்ற உத்தி. கோலம் போடப் பழகிய கை, புள்ளிகளைப் பார்த்ததுமே கோடு எப்படி வளையும் என்று அறிந்துவிடும் அல்லவா? அதுபோல, குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தை எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கணினி அறிவு விடுபட்ட புள்ளிகளை நிரப்பி 4கே படமாக்குகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் விளையாட்டில் இதன் பலன் கண்கூடு. சாதாரண பெட்டியில் 60 பட வேகத்தில் புல்வெளியும் முகங்களும் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல மங்கித் தெரிந்தன. ப்ரோவில் அந்தப் புகை விலகிவிட்டது. கிரான் டூரிஸ்மோ 7 கார்ப் பந்தயத்தில் ஒரு வண்டியின் பளபளப்பில் பக்கத்து வண்டி பிரதிபலிப்பது ஓட்டத்தின் போதே தெரிகிறது.

எல்லா விளையாட்டிலும் இந்த அற்புதம் நடப்பதில்லை. ப்ரோவின் மையச் செயலி பழைய பெட்டியில் இருந்த அதே வகைதான். கூட்டம் நிறைந்த தெருக்களால் செயலி திணறும் டிராகன்ஸ் டாக்மா 2 போன்றவற்றுக்கு ப்ரோ முழு மருந்தாகவில்லை. ஆரம்பத்தில் சைலன்ட் ஹில் 2இல் பிஎஸ்எஸ்ஆர் இலைகளிலும் நிழல்களிலும் மினுமினுப்பை உண்டாக்கியது என்ற புகாரும் எழுந்தது. ப்ரோவில் மட்டும் ஓடும், சாதாரண பெட்டியில் ஓடாது என்று எந்த விளையாட்டும் இல்லை.

உங்கள் வீட்டு டிவியையும் கேட்டுப் பாருங்கள். 55 அங்குலத்துக்கு மேற்பட்ட நல்ல 4கே டிவி, ஆறேழு அடி தூரத்தில் நாற்காலி, இவை இருந்தால் வித்தியாசம் தெரியும். நம் வீடுகளில் பலவற்றில் உள்ள 43 அங்குல டிவியில், கூடத்தின் மறுமுனையிலிருந்து பார்த்தால், இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்தாலும் எது எதுவென்று சொல்வது கடினம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இருந்த 200 டாலர் விலை வித்தியாசத்தை டிவியில் போட்டிருந்தால் வீட்டில் எல்லாருக்கும் பயன்பட்டிருக்கும்.

இங்கே விற்காத பொருள்

ப்ரோ வெளிவந்தபோது இந்தியாவில் அது அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. காரணம் விசித்திரமானது. அந்தப் பெட்டியில் உள்ள வைஃபை 7 தொழில்நுட்பம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. அந்த அலைவரிசையை வீட்டு வைஃபைக்கு இந்தியா அப்போது திறந்துவிட்டிருக்கவில்லை. அதனால்தான் வரவில்லை என்று சோனியே விளக்கம் கொடுத்தது.

ஆனாலும் பெட்டிகள் வரத்தான் செய்தன. "மாமா, சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்ற வேண்டுகோள் எத்தனை வீடுகளிலிருந்து போயிருக்கும்! கிரே மார்க்கெட் கடைகளும் வரவழைத்துக் கொடுத்தன. இப்படி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே முறையாக விற்காத பொருளுக்கு இங்கே உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது. 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பெட்டி ஒரு இடி மின்னலில் போனால் போனதுதான். அலைவரிசைச் சிக்கல் தீர்ந்து, முறையாகவே கடைக்கு வந்தாலும், ப்ரோ பற்றிய என் கருத்து மாறாது. நான் சொல்லும் குறை அலைவரிசையில் இல்லை.

வரி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கன்சோல்கள் மீதான ஜிஎஸ்டியை 28லிருந்து 18 விழுக்காடாகக் குறைக்க 2018 டிசம்பரிலேயே முடிவெடுக்கப்பட்டது. ஆனாலும் முழுவதும் இறக்குமதியாகும் பொருள் என்பதால் சுங்க வரியும் சேர்ந்துகொள்கிறது.

நூலகம் யாருடையது?

இனி டிஸ்க் எதற்கு, பத்தில் ஏழு விளையாட்டுக்கு மேல் தரவிறக்கித்தானே வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சோனியின் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. தரவிறக்கத்தில் வசதி இருப்பதும் உண்மை. கீறல் விழாது, எழுந்து போய் மாற்ற வேண்டாம், ஆன்லைன் கடையில் பழைய விளையாட்டுகளுக்குப் பாதிக்கும் கீழே தள்ளுபடி வரும்.

இருந்தாலும் அந்த ஆன்லைன் கடை ஒரே ஒரு கடை. டிஸ்க் என்றால் ஒரு கடையில் 4,999, இன்னொன்றில் 3,999, தெருமுனைக் கடையில் இன்னும் பேரம். டிஸ்க் இல்லாத பெட்டிக்கு பிளேஸ்டேஷன் ஸ்டோர் சொல்வதுதான் விலை. பெட்டி விற்றவரே கடைக்காரரும் ஆகும்போது அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அங்கே நாம் வாங்குவது பொருளே கிடையாது. பயன்படுத்த ஓர் உரிமம், அவ்வளவுதான். கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எடுத்துவிடக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும் கடைகள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. சட்டம் போட்டுச் சொல்ல வைக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. நிண்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான ஆன்லைன் கடையை மூடியது. சோனி 2021இல் பிளேஸ்டேஷன் 3 கடையை மூடப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதால் கைவிட்டது. தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31ஆம் தேதி யூபிசாஃப்ட் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அதில் டிஸ்க் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. சர்வரை நம்பியே செய்த விளையாட்டு அது. டிஸ்க் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக ஆடும் பெரும்பாலான விளையாட்டுகளை அது காப்பாற்றும்.

என் அலமாரியில் இருக்கும் பதினைந்து வருடத்துப் பழைய டிஸ்க்குகள் இன்றும் ஓடுகின்றன. என் அக்கா மகன் போன கோடை விடுமுறையில் அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு போனான். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 5ஆம் தேதி 449.99 டாலருக்கு வந்து, நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் மரியோ கார்ட் வேர்ல்ட் விளையாட்டைத் தரவிறக்கத் தனியாக 79.99 டாலர். அதன் சில விளையாட்டுகள் கேம்-கீ கார்டு என்ற பெயரில் வருகின்றன. அட்டையில் விளையாட்டு இருக்காது, சாவி மட்டும் இருக்கும். விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். சாவியையாவது அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அந்த அளவில் அது ப்ரோவைவிட மேல்.

கணக்கு நோட்டு

பெட்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுவீர்கள் என்பதைத்தான். 54,990 ரூபாய்க்கு வாங்கிய பெட்டியை ஐந்து வருடம் வைத்திருந்தால் நாளொன்றுக்கு முப்பது ரூபாய். ஒரு டீயும் வடையும் ஆகிற காசு. அண்ணன் தம்பி, அப்பா மகள் என்று இரண்டு பேர் சேர்ந்து தினம் ஒரு மணி நேரம் ஆடுகிற வீட்டுக்கு இது செலவே கிடையாது. குடும்பத்தோடு ஒருமுறை தியேட்டருக்குப் போய்வந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தெரியும். ஆனால் முதல் மாதம் ஆடிவிட்டுப் பரீட்சை, டியூஷன் என்று துணி போட்டு மூடிவைக்கிற வீட்டுக்கு 20,000 ரூபாய்ப் பெட்டியும் நஷ்டம்தான்.

கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. பெரிய விளையாட்டுகளில் சாதாரண பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் 24 யூனிட். ஏற்கெனவே 490 யூனிட் ஓடுகிற வீடென்றால் மட்டும் கவனிக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் கட்டணப் படிகள் மாறிவிடும்.

நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு வேண்டாம். பெட்டி வாங்கும்போதே இந்தச் சந்தாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

எனக்குக் கடந்த சில வருடங்களில் அதிக நிறைவைத் தந்த விளையாட்டு எதுவென்றால், எந்த ப்ரோவும் தேவைப்படாத ஒன்று. வெண்பா. கனடாவின் டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023இல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற அந்தத் தாய், தன் அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய முயல்கிறாள். விடுபட்ட படிகளை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழை விட்டு விலகிப்போகும் மகன் கவினுக்கும் அவளுக்கும் நடுவே அந்தச் சாப்பாடுதான் பேசுகிறது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று தடுமாறியபோது, என் பாட்டி துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி அடுக்கியது நினைவுக்கு வந்தது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடுகிற விளையாட்டு. 2024இல் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதே 2024இல் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டாக வென்ற ஆஸ்ட்ரோ பாட், சாதாரண பிளேஸ்டேஷன் 5இலேயே 60 பட வேகத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த விருதுக்கு அதோடு போட்டியிட்ட பலாட்ரோ, பெரும்பாலும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்த சீட்டு விளையாட்டு. ஒரு மொபைலிலேயே ஓடும். பெட்டியின் பலம் கூடிக்கொண்டே போகிற காலத்தில், மனதில் நிற்கிற விளையாட்டுகள் அந்தப் பலத்தைக் கேட்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, பெரிய 4கே டிவியும் அதிகப் பணமும் உள்ள, ஃபைனல் ஃபேன்டஸி போன்ற பெரும் படைப்புகளில் ஒவ்வொரு இலையையும் பார்க்க விரும்புகிற ஒரு சிலருக்குத் தகும். அவர்களும் டிஸ்க் டிரைவைச் சேர்த்தே வாங்க வேண்டும். மற்ற நம் எல்லாருக்கும் அது தகாது. ஜிடிஏ 6 விளையாட்டு 2026 நவம்பர் 19ஆம் தேதி வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்காக ப்ரோ வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், சாதாரண பிளேஸ்டேஷன் 5க்கும் சேர்த்துத்தான் அந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், டிஸ்க் டிரைவ் உள்ள சாதாரண பிளேஸ்டேஷன் 5ஐப் பண்டிகைத் தள்ளுபடியில் வாங்குங்கள். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 10,000 ரூபாய் குறைவு என்று கடைக்காரர் சொல்வார். அந்த 10,000 ரூபாய் முதல் வருடத்திலேயே போய்விடும். அவ்வளவு பணம் இல்லையென்றால் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 4ஐ செகண்ட்ஹாண்டில் பாருங்கள். அதற்கு இருக்கிற நல்ல விளையாட்டுகளை ஆடி முடிக்கவே வருடங்கள் ஆகும். ஆடி முடித்த டிஸ்க்கை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுங்கள்.